சுவர்ல வரைஞ்சவங்க பேரையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல சென்னை செய்திப் பக்கத்துல சுவர் ஓவியம் போட்டோ அடிக்கடி வருது, நல்ல விஷயம், நான் அதையெல்லாம் விடாம பாக்குற ஆள். ஆனா கீழ எப்பவும் ஒரே மாதிரி ஒரு வரிதான் இருக்கு, இன்ன மேம்பாலத்துக்கு கீழ கண்ணைக் கவரும் வண்ண ஓவியம்னு. யார் வரைஞ்சாங்க, எப்ப வரைஞ்சாங்க, எத்தனை பேர் வெயில்ல சாரத்து மேல நின்னாங்க, ஒண்ணும் இருக்காது. போட்டோ எடுத்தவர் பேர் ஓரத்துல சின்னதா இருக்கும், அது இருக்க வேண்டியதுதான், ஆனா அந்த போட்டோக்குள்ள இருக்குறதை வரைஞ்சவங்க பேர் எங்க சார்? இதைப் பத்தி விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, லெட்டர் கொஞ்சம் நீளமா போகும், முழுசா படிச்சுப் பாருங்க.

நாங்க இருக்குறது திருவான்மியூர். என் பொண்ணு ஒன்பதாவது படிக்குறா, டிராயிங்னா உயிர். லீவு நாள்ல அவளைக் கூட்டிட்டு ஊருக்குள்ள எந்தெந்த சுவர்ல என்னென்ன படம் இருக்குன்னு சுத்திப் பாக்குறது எங்க வீட்டுப் பழக்கமாயிடுச்சு, மால், தியேட்டர்னு போறதை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, செலவும் பஸ் டிக்கெட், டீ காசு அவ்ளோதான். ஒவ்வொரு சுவர் முன்னாடியும் அவ கேக்குற முதல் கேள்வி இது யாருப்பா வரைஞ்சது. நான் அக்கம்பக்கத்துல கேப்பேன், டீக்கடைக்காரர்கிட்ட, செக்யூரிட்டி அண்ணன்கிட்ட, ஆட்டோ ஸ்டாண்டுல. ஆர்ட்டிஸ்ட் வந்தாங்க சார், பத்து நாள் லிப்ட்ல ஏறி ஏறி அடிச்சாங்க சார்னு ஆர்வமா சொல்லுவாங்க, அவங்களும் நின்னு பாத்திருக்காங்க, ஆனா பேர் யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு பக்கத்துலயே இருக்குறது இந்திரா நகர் பறக்கும் ரயில் ஸ்டேஷன். அந்த லைன்ல இருக்குற ஸ்டேஷன் பில்டிங் எல்லாம் எவ்ளோ பெருசா, எவ்ளோ வெறிச்சோடி இருக்கும்னு தினம் போறவங்களுக்குத் தெரியும், வெறும் கான்கிரீட், 2004ல ரயில் விட்டதுல இருந்து அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. 2021 தொடக்கத்துல அதோட வெளிச்சுவர்ல வரிசையா மனுஷ முகங்கள் வந்துச்சு. ஆம்பளை, பொம்பளை, சின்ன வயசு, பெரிய வயசு, தினம் நம்ம கூட ரயில்ல வர்றவங்க மாதிரியான சாதாரண முகங்க. அதுல சிலர் எச்.ஐ.வி. இருக்குறவங்க, சிலர் இல்லாதவங்க, யார் எவர்னு பாத்து சொல்ல முடியாது, அதுதான் படமே. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கமும், பொதுச் சுவர்ல ஓவியம் வரைய வைக்கிற ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பும், ஏசியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து செஞ்சது, வரைஞ்சது ஏ-கில்ங்கிற பேர்ல சுவர்ல வரையிற நம்ம சென்னை ஆர்ட்டிஸ்டும் டெல்லி ஆர்ட்டிஸ்ட் கத்ராவும்.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, இந்த ஊருக்கும் அந்த நோய்க்கும் ஒரு கதை இருக்கு. இந்தியாவுலயே முதல் முதல்ல எச்.ஐ.வி. கண்டுபிடிச்சது இங்கதான், 1986ல, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமன் கைட் பண்ண, அவங்க மாணவி டாக்டர் நிர்மலா ரத்த சாம்பிள் சேகரிச்சு செஞ்ச ஆராய்ச்சியில. அதுக்கப்புறம் 2000த்துக்கு மேல ஊர் பூரா ஹோர்டிங்ல புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு கேட்டுச்சே, என் வயசுக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, பஸ்ல அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. அந்த விளம்பரம் விஷயத்தை எல்லார் காதுலயும் போட்டுச்சு, அது பெரிய வேலைதான், ஆனா நோய் வந்தவங்க அதுல இல்ல. இந்திரா நகர் சுவர்ல அவங்களே நிக்குறாங்க, அதுவும் ஒளிஞ்சு இல்ல, ரோட்டைப் பாத்து. என் பொண்ணுக்கு இந்த நோயைப் பத்தி நான் முதல்ல பேசினது அந்த சுவருக்குக் கீழ நின்னுதான், வீட்டுல உக்காந்து பேசியிருந்தா எனக்கு அவ்ளோ சுலபமா வந்திருக்காது.

அடுத்து கண்ணகி நகர். ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுல, ஒக்கியம் துரைப்பாக்கத்துல உள்ள திரும்பணும். 2000த்துல இருந்து கூவம் கரை, அடையாறு கரை, ஊருக்கு நடுவுல இருந்த குடிசைங்கன்னு பல இடத்துல இருந்து ஆளுங்களைக் கொண்டு வந்து ஹவுசிங் போர்டு பிளாக்குல குடி வெச்ச இடம், சுனாமியில வீடு போனவங்களும் வந்தாங்க, இருபதாயிரத்துக்கும் மேல குடும்பம் இருக்கு. வேலை ஊருக்குள்ள, ஸ்கூல் ஊருக்குள்ள, வீடு மட்டும் இங்க, அப்படித்தான் ஆரம்ப வருஷங்கள் போச்சு. அதோட சேர்ந்து கெட்ட பேர் வேற. கண்ணகி நகர்னு அட்ரஸ் போட்டா வேலை கிடைக்காதுன்னு வேற ஏரியா பேரைப் போட்ட பசங்க எத்தனையோ பேர், அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நம்ம பேப்பருங்களும் (உங்களை மட்டும் சொல்லல, எல்லாரையும்தான்) அந்தப் பேரை கிரைம் நியூஸ்லதான் பல வருஷம் போட்டுட்டு இருந்தாங்க.

2020 தொடக்கத்துல, லாக்டவுனுக்கு முன்னாடி, மாநகராட்சி, ஸ்டார்ட் இந்தியா, ஏசியன் பெயிண்ட்ஸ் சேர்ந்து அங்க வரைய ஆரம்பிச்சாங்க. அந்த பிளாக்குங்களோட பக்கச் சுவர்ல ஜன்னல் கிடையாது, தரையில இருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரே மொட்டைச் சுவர், மழைத்தண்ணி வழிஞ்ச கறுப்புக் கோடு, அதுக்கு மேல பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, எக்ஸ்டீரியர் எமல்ஷன்ல வரைஞ்சிருக்காங்க. ஆரம்பத்துல வந்த படங்கள்ல ஏ-கில் வரைஞ்சது அந்த ஏரியாக் குழந்தைங்க முகத்தையே, சிரிச்சுட்டு இருக்குற முகம், ஒரு பில்டிங் உயரத்துக்கு. எத்தனையோ சுவர் ஓவியம் பாத்துட்டேன், எனக்கு இதுதான் மேல நிக்குது. ஏன்னா கண்ணகி நகர் ஆளுங்க போட்டோ வெளிய வந்தா அது எந்த செய்திக்காக இருக்கும்னு ஊருக்கே ஒரு எண்ணம் இருந்துச்சு, இந்த சுவர் அதை மாத்தி அடிச்சுச்சு. இப்ப 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய யூத் கேம்ஸ்ல இந்தியப் பொண்ணுங்க கபடி டீம் தங்கம் ஜெயிச்சப்போ கண்ணகி நகர் கார்த்திகான்னு தமிழ்நாடே ஊர்ப்பேரோட சேத்து சொன்னுச்சு, அந்த சந்தோஷம் அந்த ஏரியாக்காரங்களுக்கு எவ்ளோ பெருசுன்னு வெளிய இருக்குற நமக்கு முழுசா புரியாது.

அங்க மாவு பாக்கெட் வித்துட்டு இருந்த ஒரு அக்கா எங்களுக்கு சுத்திக் காட்டினாங்க. முன்னாடி சொந்தக்காரங்க வந்தா பிளாக் நம்பர் சொல்லி சொல்லி தொண்டை வத்திடும்பா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இப்ப படத்தைச் சொன்னா நேரா வந்துடுறாங்கன்னு சொன்னாங்க. அதே அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க, சுவர் அழகா இருக்கு, உள்ள பைப் ஒழுகுது, அதையும் எழுதுங்கன்னு. எழுதிட்டேன் சார். படத்துக்கு செலவு பண்றதுக்குப் பதிலா தண்ணிக்கும் சாக்கடைக்கும் பண்ணலாமேன்னு சில பேர் கேக்குறாங்க, நியாயமான கேள்வி, ஆனா படம் வேண்டாம்னு அங்க யாரும் எங்ககிட்ட சொல்லல. ரெண்டும் வேணும்னுதான் சொன்னாங்க. நடுத்தர வர்க்க ஏரியாவுல பார்க்கும் கேக்குறோம், குழாயும் கேக்குறோம், ஏதாவது ஒண்ணுதான்னு நம்மகிட்ட யாரும் சொல்றதில்ல, அவங்ககிட்ட மட்டும் ஏன் அப்படி சொல்லணும். ஒழுகுற பைப்பை சரி பண்ணாட்டி படமும் நிக்காது, அதுவும் உண்மை, ஈரம் ஏறின சுவர்ல எந்த எமல்ஷனும் உப்பி உரிஞ்சுதான் வரும்.

இப்ப பேர் விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல சுவர்ல வரையிறது புதுசா வந்த சமாச்சாரம் இல்ல. சினிமா பேனர், கட்அவுட் வரைஞ்ச ஆர்ட்டிஸ்டுங்க எவ்ளோ பேர் இருந்தாங்க மெட்ராஸ்ல, சின்ன ஸ்டில்லுல கட்டம் போட்டு, அதே கட்டத்தை பெரிய துணியில போட்டு, ஒரு கண்ணே ஆள் உயரத்துக்கு வரும், கிட்ட நின்னு பாத்தா வெறும் பெயிண்ட் திட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா சிவாஜி. 2000த்துக்கு அப்புறம் பிளக்ஸ் வந்துச்சு, ஒரு ராத்திரியில பிரிண்ட் ஆகுது, விலையும் கம்மி, அந்த தொழிலே போச்சு. அப்படி வேலை போனவங்களுக்கு 2009 வாக்குல ஒரு வழி கிடைச்சுது, அண்ணா சாலையிலயும் காமராஜர் சாலையிலயும் போஸ்டர் ஒட்டக்கூடாதுன்னு சொல்லி கிழிச்சு சுத்தம் பண்ணிட்டு கார்ப்பரேஷன் அந்த சுவர்ல படம் வரைய வெச்சாங்க, கோயில், நாட்டியம், கிராமம், மிருகங்கள்னு. அந்தப் படங்களை சாதாரணமா நினைக்குறவங்க இருக்காங்க, காலண்டர் படம் மாதிரி இருக்குன்னு, எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பிளக்ஸால வீட்டுல முடங்கின கைங்க மறுபடி ரோட்டுக்கு வந்து வரைஞ்சது அது. அந்தப் படங்கள்ல பாதிக்கு மேல இப்ப மங்கி, மறைஞ்சு, சுவரோட இடிஞ்சும் போயாச்சு, வரைஞ்சவங்க யார் யார்னு எங்க போய் கேக்குறது?

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பேனர் ஆர்ட்டிஸ்டுங்க ஓரத்துல கம்பெனி பேர் போடுவாங்க. ஊர்ப்பக்கம் சிமெண்ட் விளம்பரம், கட்சி விளம்பரம் எழுதுறவங்க கூட ஓரத்துல இன்னார் ஆர்ட்ஸ்னு சின்னதா எழுதிட்டு, பக்கத்துல போன் நம்பரும் போடுறாங்க, கடை ஷட்டர்ல எழுதினவருக்கும் அந்த ஓரம் உண்டு. பொதுப்பணத்துல, பொதுச் சுவர்ல, பத்து இருபது நாள் வெயில்ல நின்னு வரைஞ்ச படத்துலதான் ஸ்பான்சர் லோகோ பெருசா இருக்கும், திட்டத்தோட பேர் இருக்கும், ஆர்ட்டிஸ்ட் பேர் பல இடத்துல இருக்காது. எல்லா இடத்துலயும்னு சொல்லல, சில பெரிய சுவர்ல கையெழுத்து இருக்கு, ஆனா மேம்பாலத் தூண், ஸ்கூல் காம்பவுண்டு, பார்க் சுவர்னு நாங்க பாத்த இடங்கள்ல தேடித் தேடி பாத்தும் கிடைக்கல. 2022ல செஸ் ஒலிம்பியாட் அப்ப நேப்பியர் பாலத்தை கறுப்பு வெள்ளைக் கட்டமா மாத்தினாங்களே, ஊரே போய் செல்ஃபி எடுத்துச்சு, அந்த வளைவு மேல தொங்கிட்டு கட்டம் பிசகாம பெயிண்ட் அடிச்சவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய சுவருக்கு ஒரு ஆள் மட்டும் வரையிறதும் இல்ல, கூட உதவி ஆர்ட்டிஸ்டுங்க, பட்டி பாக்குற பெயிண்டருங்க, பூம் லிப்ட் ஓட்டுற தம்பின்னு ஒரு டீமே இருக்கு.

தஞ்சாவூர் பெரிய கோயிலை எடுத்துக்கோங்க. 1010ல கட்டி முடிச்ச கோயில். ராஜராஜன் கல்வெட்டுல என்னத்தை விட்டாரு? கோயில்ல ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், ஒவ்வொருத்தங்க பேரும், எந்தக் கோயில்ல இருந்து வந்தாங்கங்கறதும், எந்தத் தெருவுல எத்தனாவது வீடுங்கறதும் இருக்கு. தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் பேர் இருக்கு. ஆனா அதே கோயில்ல கருவறையைச் சுத்தி இருக்குற உள் சுற்றுல சோழர் காலத்துல வரைஞ்ச ஓவியம் இருக்கே, நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில மறைஞ்சு கிடந்து 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சது, அதை வரைஞ்சவங்க பேர் நமக்குத் தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் அதை நினைச்சு வருத்தப்படுறோம், புத்தகம் எழுதுறோம், சித்திரகாரப்புலின்னு, அதாவது ஓவியர்கள்ல புலின்னு, பட்டம் வெச்சுக்கிட்ட பல்லவ ராஜா மகேந்திரவர்மன் பிறந்த மண்ணுன்னு பெருமையும் பேசுறோம். நேத்து வரைஞ்ச சுவருக்கு பேர் எழுதுறதுக்கு ஒரு டப்பா பெயிண்டு கூட ஆகாது.

சுவர் ரொம்ப நாள் நிக்கிற பொருளும் இல்ல, அதான் அவசரமே. மேற்கு பாத்த சுவர்ல சாயங்கால வெயில் நேரா அடிச்சு சிவப்பும் மஞ்சளும் முதல்ல வெளுக்கும், கடல் பக்கத்துல உப்புக்காத்து, ஐப்பசி கார்த்திகை மழை. இதெல்லாம் இயற்கை. மனுஷன் பண்றது அதை விட மோசம். எங்க ஏரியாவுல ஒரு காம்பவுண்டு சுவர்ல ஆமையும் மீனும் வரைஞ்சிருந்தாங்க, அழகான நீலம், ஒரு டியூஷன் சென்டர் போஸ்டரை ஆமை முதுகு மேலயே வரிசையா ஒட்டிட்டுப் போயிட்டாங்க, அதைக் கிழிச்சா பெயிண்டும் சேர்ந்து வருது. அடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அப்புறம் கல்யாண வாழ்த்து. பொது இடத்தை அசிங்கப்படுத்துறதைத் தடுக்க நம்ம மாநிலத்துல 1959லயே சட்டம் போட்டாச்சு, அதைக் கொண்டு ஃபைன் போடுங்கன்னுதான் கேக்கணும், ஆனா ஃபைனை விட பேர் நல்லா வேலை செய்யும்னு நான் நம்புறேன். ஆள் பேர் தெரியாத சுவர்னா ஒட்டுறவனுக்கு அது காலி இடம், ஓரத்துல இன்னார் வரைஞ்சது, இந்த வருஷம்னு இருந்தா ஒரு ஆளோட உழைப்புன்னு ஒரு நிமிஷம் கை நிக்கும். எல்லாருக்கும் நிக்காது, சில பேருக்காவது நிக்கும்.

மெட்ரோ வேலை நடக்குற ரோடுங்கள்ல எத்தனை சுவர் இடிக்குறாங்க, எத்தனை தகரத் தடுப்பு வருது, ஊர் வளரணும், இடிக்கத்தான் வேணும், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல போட்டோ எடுத்து, எந்த இடம், யார், எந்த வருஷம்னு எழுதி ஒரு ஃபைல்ல வெச்சா போதுமே. டெல்லி லோதி காலனியிலயும் கோயம்புத்தூர் உக்கடத்துலயும் இதே மாதிரி சுவர் ஓவியப் பகுதி வந்தாச்சு, அங்க போய்ட்டு வந்து நம்மாளுங்க போட்டோ போடுறாங்க, நம்ம ஊர்ல எங்க என்ன இருக்குன்னு கேட்டா கையில ஒரு லிஸ்ட் இல்ல.

மாநகராட்சிக்கு நான் கேக்குறது, இனிமே சுவர் ஓவியத்துக்கு டெண்டரோ ஒப்பந்தமோ போடும்போது ஆர்ட்டிஸ்ட் பேர், கூட வேலை செஞ்சவங்க பேர், வருஷம் இதெல்லாம் சுவர்லயே, கண் மட்டத்துல, தமிழ்ல எழுதணும்னு ஒரு வரி சேருங்க. ஏற்கனவே வரைஞ்சதுக்கும் பில் பாஸ் பண்ண ஃபைல்ல யாருக்குக் காசு கொடுத்தாங்கன்னு இருக்குமில்ல, அதைப் பாத்து எழுதிடலாம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு டச்சப் பண்ணச் சொல்லிக் காசு ஒதுக்குங்க, வேற யாரையாவது விட்டு மேல அடிச்சு முகத்தையே மாத்திடாதீங்க.

உங்ககிட்ட கேக்குறது இன்னும் சுலபம் சார். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு மூலை கொடுங்க, வாரம் ஒரு சுவர், போட்டோ, வரைஞ்சவங்க பேர், அவங்க பேசுற நாலு வரி. பழைய பேனர் ஆர்ட்டிஸ்டுங்கள்ல இன்னும் இருக்குறவங்க வயசானவங்க, அவங்ககிட்ட இருந்து ஆரம்பிச்சா நல்லது, அண்ணா சாலையில எந்தச் சுவர் யாரோடதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். உங்க நிருபருங்களுக்கு நேரம் இல்லைன்னா வாசகர்களைக் கேளுங்க, என் பொண்ணு ஒரு நோட்டுல சுவர் சுவரா இடம், நிறம், தேதின்னு எழுதி வெச்சிருக்கா, பேர் எழுதுற கட்டம் மட்டும் நிறைய காலியா இருக்கு, அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இந்த லெட்டரோட அனுப்பியிருக்கேன்.

கண்ணகி நகருக்குப் போகணும்னு நினைக்குற வாசகர்களுக்கு ஒண்ணு, ஓஎம்ஆர் வழியா போற பஸ்ல போய் இறங்கி விசாரிச்சாலே வழி காட்டுவாங்க, காலையில ஒன்பது மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் வெயில் தாங்காது. அது ஆளுங்க குடியிருக்குற இடம், வாசல்ல துணி காயும், பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க, சுவரை எவ்ளோ வேணாலும் போட்டோ எடுங்க, ஆளுங்களை எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க. முடிஞ்சா அங்க இருக்குற கடையிலயே டிபன் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை